மாட்டெருக் குவியல் சூடேறவில்லை: காலபோகத்துக்கு முன் கூட்டெரு ஆகுமா?

#1 விசுவமடுத் தோட்டம்
எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் இரண்டு பசுவும் கன்றுகளும் நிற்கின்றன. அது போதாது என்று தெரிந்த மாட்டுப் பட்டிக்காரரிடம் ஒரு உழவு இயந்திரப் பெட்டி எருவும் வாங்கி இறக்கினேன். வேலியோரமாக வைக்கோலும் எருவும் மாறி மாறிப் போட்டுச் சித்திரையில் குவித்தது. முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே உயரம். இப்போது ஆனி. கையை உள்ளே விட்டால் சூடே இல்லை. எரு தூளாகக் காய்ந்து கிடக்கிறது, வைக்கோல் போட்ட அன்றிருந்த மஞ்சள் நிறத்திலேயே இருக்கிறது, ஒரு பக்கம் கறையான் ஏறிவிட்டது. புரட்டாசிக் கடைசியில், மாரி மழையை நம்பிச் செய்கிற காலபோகத்துக்கு, மிளகாய்க் கன்று நட வேண்டும். அதற்குள் இதை உக்கவைத்துக் கூட்டெரு ஆக்க வழி உண்டா, இல்லை அப்படியே மண்ணில் கொத்திவிடலாமா? யூரியா விற்கிற விலைக்கு இதைத்தான் நம்பியிருக்கிறேன்.

#2 பழைய கமக்காரன்
தம்பி, எரு என்றால் பொறுமை வேண்டும். அப்பர் காலத்தில் எருக்குவியலை ஒருவரும் கிண்டினதில்லை. வருசம் முழுக்க ஒரே இடத்தில் கொட்டுவோம். ஆவணி பிறந்தால் அடியிலிருந்து வெட்டி வண்டிலில் ஏற்றுவோம். கறுப்பாக, மணமே இல்லாமல் இருக்கும். சூடும் பார்க்கவில்லை, கணக்கும் பார்க்கவில்லை. மழை விழட்டும், தானாக உக்கும்.

#3 அறிவியல்நகர்ப் பிள்ளை
ஐயா சொல்வது பிழையில்லை, ஆனால் அது வருசக் கணக்கு. விசுவமடு அண்ணைக்கு இருப்பது நாலு மாதம். நான் கிளிநொச்சியில் விவசாய பீடத்தில் படித்தவள், இப்போது வீட்டுக் காணியில்தான் வேலை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

மஞ்சள் வைக்கோலும் கறையானும் ஒரே விசயத்தைத்தான் சொல்கின்றன: குவியலில் தண்ணீர் இல்லை. வறண்ட சோளகக் காற்று வீசும் காலத்தில் வேலியோரம் திறந்து கிடக்கும் குவியல் நின்று பிடிக்காது. நுண்ணுயிர் வேலை செய்ய 50–60 வீதம் ஈரம் வேண்டும். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். பிட்டுக்குக் குழைத்த மாப் பதம் சரி: பிடித்தால் பிடிபட வேண்டும், விரலிடுக்கில் ஒன்றிரண்டு துளி கசியலாம், தட்டினால் உதிர வேண்டும்.

அடுத்தது அளவு. முழங்கால் உயரக் குவியலில் உண்டாகும் சூடு உண்டாகிற வேகத்திலேயே வெளியே போய்விடும். நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைந்தது ஒரு மீற்றராவது வேண்டும். நெஞ்சளவுக்கு மேல் போனால் கீழே நசிந்து காற்றுப் போகாது.

மூன்றாவதுதான் முக்கியம். அந்தப் பட்டி எரு வெயிலில் காய்ந்ததா, பச்சையா? மாடு கழிக்கும் நைதரசனில் ஏறத்தாழப் பாதி மூத்திரத்தில் போகிறது. அது மண்ணில் விழுந்ததும் அமோனியாவாக மாறி ஆவியாகத் தொடங்கும். கொட்டிலில் மூக்கைக் குத்துகிற மணம் அதுதான். வெயிலில் நாட்கணக்காகக் கிடந்து காய்ந்த வறட்டியில் மிஞ்சுவது பெரும்பாலும் நாரும் மண்ணும். அதோடு வைக்கோலைச் சேர்த்தால் நாரோடு நார்தான். பச்சைச் சாணத்தில் ஒரு பங்கு நைதரசனுக்கு 20 பங்கு அளவில் காபன் இருக்கும். வைக்கோலில் 60–80. குவியல் சூடேற 25–30 வேண்டும். ஆகவே உங்களுக்குப் பச்சை ஏதாவது வேண்டும். வேலியில் கிளிசரியா மரம் நிற்கிறதா?

#4 விசுவமடுத் தோட்டம்
நிற்கிறது தங்கச்சி, வெட்டாமல் காடாகிக் கிடக்கிறது. எரு காய்ந்ததுதான். அப்படியென்றால் பிரித்துத் திரும்ப அடுக்கவா? கிடங்கு வெட்டிப் போடுவதா, மேலே குவிப்பதா? சூடு எவ்வளவு என்று எப்படிப் பார்ப்பது?

#5 ரொறன்ரோ வன்னியன்
இங்கே கூட்டெருவுக்கென்றே நீளக் கம்பியுள்ள வெப்பமானி விற்கிறார்கள், யாராவது வரும்போது கொடுத்துவிடலாம். பக்கத்து நாடான அமெரிக்காவின் சேதன விவசாய விதிப்படி, வரிசையாகக் குவித்துக் கிளறும் முறையில் 55 பாகை செல்சியசுக்கு மேல் 15 நாள் இருக்க வேண்டும், அந்த நாட்களுக்குள் குறைந்தது 5 தரம் புரட்ட வேண்டும். அப்போதுதான் அதைக் கூட்டெரு என்று ஒத்துக்கொள்வார்கள். பச்சை எரு போட்டால், மண்ணில் தொடும் காய்கறியை 120 நாளுக்குப் பிறகுதான் அறுக்கலாம், மண்ணில் தொடாததை 90 நாள். சாணத்தில் இருக்கிற கிருமிகளுக்காகத்தான் அந்தக் கணக்கு. உருளும் பீப்பா மாதிரி ஒன்றும் இருக்கிறது, கையால் சுற்றினால் புரளும்.

#6 பழைய கமக்காரன்
அந்தப் பீப்பாவுக்குள் எங்கள் மாட்டு எருவைப் போட்டால் சுற்றுவதற்கு இன்னொரு மாடு வேண்டும் தம்பி.

ஆனால் அந்த 90 நாள், 120 நாள் கதை சரி. மரவள்ளிக்கும் வெங்காயத்துக்கும் பச்சை எரு வேண்டாம் என்று எங்களுக்கும் சொல்லித் தந்தார்கள், காரணம்தான் சொல்லவில்லை.

#7 முள்ளியவளைக் கச்சான்
வெப்பமானியெல்லாம் வேண்டாம் அண்ணை. வீட்டுக்குக் கம்பி கட்டி மிஞ்சின இரும்புக் கம்பித் துண்டு ஒன்று கிடக்கும். அதைக் குவியலின் நடுவரைக்கும் குத்திவிட்டு, கோழிக்குத் தீன் போட்டு முடிய வந்து இழுங்கள். நுனியை உள்ளங்கையில் பிடித்தால் உடனே விட வேண்டும், அவ்வளவு சூடு இருக்க வேண்டும். இளஞ்சூடு என்றால் காணாது. குளிர் என்றால் பிரியுங்கள். நான் கச்சானுக்கும் கத்தரிக்கும் இப்படித்தான் போடுகிறேன்.

கிடங்கா குவியலா என்றால் இப்போது கிடங்கு, மாரிக்குக் குவியல். ஆனி ஆடியில் முழங்கால் ஆழத்துக்குத் தாழ்த்தி, மேலே இடுப்புவரை உயர்த்தினால் சோளகம் அவ்வளவு உறிஞ்சாது. ஐப்பசி மழைக்குள் எடுக்கவில்லையென்றால் கிடங்கில் தண்ணீர் நின்று கூழ் முட்டை மணம் வரும், அப்புறம் ஒருத்தரும் கிட்டப் போக முடியாது. வேம்பு நிழல் நல்லது. தென்னைக்குக் கிட்ட மட்டும் வேண்டாம், அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்னொன்று. யுத்தம் முடிந்து மீள்குடியேறின பிறகு ஒருநாளும் கொத்தாத மூலையில் கிடங்கு வெட்டாதீர்கள். எங்கள் பக்கம் கண்ணிவெடி அகற்றினது என்று பலகை நட்ட இடத்திலும் செல் துண்டு வந்திருக்கிறது. அலவாங்கு இரும்பில் பட்ட சத்தம் கேட்டால் அதோடு நிறுத்தி, கிராம சேவையாளரிடம் சொல்லுங்கள். துண்டுதானே என்று கிண்டிப் பார்க்க வேண்டாம்.

#8 வடமராட்சி வெங்காயம்
நான் யாழ்ப்பாணத்தில் இருந்து எரு வாங்குகிற பக்கத்து ஆள். வன்னி எரு வராவிட்டால் எங்கள் வெங்காயமும் புகையிலையும் இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டு முறைப்பாடு. ஒன்று, லொறியில் வருவதில் பாதி மணல். பட்டியைக் கூட்டி அள்ளும்போது மண்ணையும் சேர்த்து வழித்து ஏற்றுகிறார்கள், காசு எருவுக்குக் கொடுக்கிறோம். மற்றது பார்த்தீனியம். எங்கள் ஒழுங்கையில் முன்பு இல்லாத செடி, எரு இறக்கின தோட்டத் தறையில் முதலில் முளைத்தது. ஒரு செடியே 10,000 விதைக்கு மேல் கொட்டும். பிடுங்கினவருக்குக் கை முழுக்கத் தடிப்பு. வன்னியில் இருந்து அனுப்புகிறவர்கள் இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

#9 ஒட்டுசுட்டான் பட்டி
அண்ணை, என்னுடையதும் பட்டிதான், அதனால் நானே சொல்கிறேன். மணல் சேருவது உண்மை. அள்ளுகிறவர்களுக்குப் பெட்டிக்கணக்கில் கூலி, பெட்டி நிரம்பினால் போதும் என்றுதான் பார்ப்பார்கள். நீங்களும் பெட்டிக்கணக்கில்தான் வாங்குகிறீர்கள். நல்ல எருவுக்குக் கூட்டித் தருகிறேன் என்று இதுவரை ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை.

பார்த்தீனியம் எங்களுக்கும் வந்து சேர்ந்த சனியன்தான். மாடு அதைத் தின்னாது, தின்றாலும் பால் கசக்கும். விதை வருவது குளம்பில் ஒட்டின சேற்றோடும் பட்டியோரத்துக் குப்பையோடும். பூக்க முதல் பிடுங்கினால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

எருவை அள்ளி, ஏற்றி, உக்கவைத்து, திரும்ப அள்ளி... இதெல்லாம் எதற்கு என்று எனக்கு ஒரு கேள்வி. அறுவடை முடிந்த வயலில் இரவுக்குப் பட்டியை அடைத்தால் சாணமும் மூத்திரமும் விழுகிற இடத்திலேயே விழும். சில இரவுக்கு ஒருக்கால் அடைப்பை மாற்றினால் வயல் முழுக்க ஆகிவிடும். முன்பு வயல்காரர்கள் வந்து கேட்டுக் கூட்டிப்போவார்கள். இப்போது வேலி, வழக்கு, மேய்ச்சல் தரையும் இல்லை. மாட்டைக் கண்டாலே கட்டாக்காலி என்கிறார்கள்.

#10 அறிவியல்நகர்ப் பிள்ளை
ஒட்டுசுட்டான் அண்ணை சொன்ன பட்டி அடைப்பு வயலுக்கு மிக நல்லது, மூத்திரமும் வீணாகாது. ஒன்றே ஒன்று: அடைப்பை மாற்றியதும் அந்தத் துண்டை உழுதுவிட வேண்டும். காய்ந்த மண்ணின் மேலே விட்டால் அமோனியா போய்விடும். களை விதையும் சாகாது. தோட்டத்துக்கு அது சரிவராது, பயிர் நிற்கும் தறையில் மாட்டை எப்படி அடைப்பது?

வடமராட்சி அண்ணைக்கு: களை விதைக்கு மருந்து சூடுதான். 55 பாகையில் சில நாள் இருந்தால் பெரும்பாலான விதையும் கிருமியும் முடிந்துவிடும். பிரச்சினை, குவியலின் நடுதான் அந்தச் சூட்டுக்கு வரும். வெளிப்பக்கத்து ஒரு சாண் குளிர்ந்தே இருக்கும், விதை அங்கே சுகமாகக் கிடக்கும். அதனால்தான் புரட்டுவது. வெறுமனே கிளறாமல், வெளியே கிடந்ததை உள்ளுக்கும் உள்ளே இருந்ததை வெளியேயும் மாற்ற வேண்டும். ஒரு தரம் புரட்டினால் சூடு இறங்கி இரண்டு மூன்று நாளில் திரும்ப ஏறும். புரட்டியும் ஏறவில்லை, ஈரமும் சரி என்றால் அதற்கு வேலை முடிந்துவிட்டது, ஆறப் போடலாம். 70 பாகைக்கு மேலே போகவும் விடக்கூடாது, வேலை செய்கிற உயிர்களே செத்துவிடும்.

கோரைக் கிழங்கை மட்டும் குவியலுக்குள் போடவே வேண்டாம். அதை நம்ப முடியாது.

விசுவமடு அண்ணை, உங்களுக்கு இரண்டு பசு இருக்கிறதே, பட்டி எருவைவிட அதுதான் பொன். பின்னேரம் கொட்டிலில் மாடு தின்று மிச்சம் விட்ட வைக்கோலையும் சருகையும் பரப்பிவிடுங்கள். இரவு மூத்திரம் அதில் ஊறும். விடிய அள்ளிக் குவியலில் போடுங்கள். வெறும் மண் தரையில் போகிற அத்தனையும் இப்படிக் கைக்கு வரும். பொற்றாசியமும் பெரும்பகுதி மூத்திரத்தில்தான்.

#11 ஒட்டுசுட்டான் பட்டி
தங்கச்சி, வைக்கோலை மாட்டுக்குக் கீழே போடு என்று ஆவணியில் சொன்னால் பட்டிக்காரன் அழுவான். காட்டில் புல் இல்லாத மாதத்தில் அதுதான் தீன். இயந்திரத்தால் வெட்டின வயலில் வைக்கோலைக் கொளுத்துகிறார்களே, அதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். கொளுத்தாமல் தந்தால் நாங்கள் கட்டி ஏற்றிப் போகிறோம்.

#12 அறிவியல்நகர்ப் பிள்ளை
அது நியாயம். தின்று மிச்சம் விட்டதை மட்டும்தான் சொன்னேன். தேக்கம் சருகு தாராளமாகக் கிடைக்கும், ஆனால் முழு இலையாகப் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டிப் படை படையாகக் கிடக்கும், மிதித்து நொறுக்கிப் போட வேண்டும். உமியும் போடலாம், உக்கச் சுணங்கும். கரியாகக் கருக்கின உமி நல்லாக உறிஞ்சும்.

#13 மாங்குளம் சந்தி
எல்லாம் சரி. ஆனால் இந்தக் கூட்டெருவை நம்பித்தான் 2021-இல் அரசாங்கத்தார் எங்களைக் கிடங்கில் தள்ளினார்கள். சித்திரை கழிய இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை, கார்த்திகையில் தடையை எடுத்தார்கள், அதற்குள் காலபோகம் விதைத்தாயிற்று. சீனாவிலிருந்து சேதனப் பசளைக் கப்பல் வந்து, கிருமி என்று இறக்காமல் திருப்பி, அதற்குக் காசும் கட்டினார்கள். கமக்காரனிடம் மட்டும் எரு போட்டு நெல் எடு என்றார்கள். அந்தப் போகம் என் வயல் மஞ்சளாக நின்றது. அதற்குப் பிறகு கூட்டெரு என்ற சொல்லைக் கேட்டாலே பத்திக்கொண்டு வருகிறது.

#14 அறிவியல்நகர்ப் பிள்ளை
அண்ணை, அந்தக் கோபத்துக்குக் கணக்கிலேயே காரணம் இருக்கிறது. ஒரு அந்தர் (50 கிலோ) யூரியாவில் 46 வீதம் நைதரசன், அதாவது 23 கிலோ. நல்ல கூட்டெருவில் ஈரத்தைக் கழித்தால் மிஞ்சும் உலர் எடையில் நைதரசன் 1 வீதம், கவனமாகச் செய்தால் ஒன்றரை. 40 வீதம் ஈரமுள்ள ஒரு தொன்னில் உலர்ந்தது 600 கிலோ, அதில் நைதரசன் 6 கிலோ. ஆக ஒரு அந்தர் யூரியாவுக்கு ஈடாகக் கடதாசியிலேயே கிட்டத்தட்ட 4 தொன் வேண்டும். அந்த 6 கிலோவும் முதல் போகத்திலேயே முழுதாக வராது, பெரும்பகுதி மண்ணில் இருந்து மெதுவாக அவிழும். ஊர்மாடு ஒன்று நாளுக்கு 8–10 கிலோ பச்சைச் சாணம் போடும், அதில் 80 வீதம் தண்ணீர், பகலில் போட்டது காட்டோடு போகும். நாடு முழுக்க வயலுக்கு ஒரே போகத்தில் இதைத் திரட்டு என்றால் எங்கிருந்து வரும்?

ஆனால் அதை வைத்துக் கூட்டெரு வீண் என்று சொல்ல முடியாது. எங்கள் செம்மண்ணும் மணலும் தண்ணீரைப் பிடித்து வைக்காது, போடுகிற யூரியாவும் முதல் மழையோடு இறங்கிவிடும். வருசா வருசம் எரு போன தறையில் தண்ணீர் நின்று பிடிக்கும், யூரியாவும் குறைவாகப் போதும். மிளகாய், கத்தரி என்று கால் ஏக்கர், அரை ஏக்கர் தோட்டத்துக்கு இரண்டு பசு எரு கணிசமானது. ஐந்து ஏக்கர் நெல்லுக்கு அதையே யூரியாவின் இடத்தில் வைத்தது யார் பிழை என்று எல்லோருக்கும் தெரியும்.

#15 மாங்குளம் சந்தி
இந்தக் கணக்கை அப்போது ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. விவசாயப் போதனாசிரியரும் வாயைத் திறக்கவில்லை, பாவம், அவருக்கும் மேலிடத்துக் கட்டளை. ஆட்சி மாறினாலும் இவர்கள்

#16 நெறியாளர்
மேலேயுள்ள பதிவின் மிச்சத்தை அரசியல் பகுதிக்கு மாற்றியிருக்கிறேன், அங்கே தொடருங்கள். இங்கே எரு மட்டும்.

#17 முள்ளியவளைக் கச்சான்
தென்னைக் கதையைச் சொல்ல விட்டுப்போனது. கிண்டாமல் கிடக்கும் பழைய எருவைப் பிரித்தால் பெருவிரல் தடிப்பில் வெள்ளையாக, மண்ணிறத் தலையோடு சுருண்டு கிடக்கும் புழு வரும். எருவுக்கு நல்லது என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். அது கருவண்டின் புழு. வளர்ந்து வண்டாகிப் போய்த் தென்னங் குருத்தைத் துளைக்கும், விரிகிற ஓலை கத்தரியால் வெட்டினதுபோல முக்கோணமாக வரும். பழைய கமக்காரன் ஐயா கோபிக்க வேண்டாம், வருசக் கணக்கில் கிண்டாமல் விட்டால் வண்டுக்குப் பண்ணை வைத்த மாதிரித்தான். நான் புரட்டுகிற நாளில் கோழிகளைத் திறந்துவிடுவேன். கிளறுகிற இரும்பு முள்ளுக் குத்தின இடமெல்லாம் காலடியில் நின்று ஒன்று விடாமல் பொறுக்கும். சூடேறின குவியலில் அந்தப் புழு இருக்காது. தென்னந்தோட்டக்காரர் புழுவைக் கொல்ல மெற்றாறைசியம் என்ற பங்கசும் (பூஞ்சணம்) போடுகிறார்கள்.

கையை மட்டும் விட்டுக் கிளறாதீர்கள். கிடுகு மூடின எருவுக்குக் கீழே புடையன் பாம்பு படுக்கும்.

#18 பழைய கமக்காரன்
கோபமில்லைப் பிள்ளை. அப்பர் காலத்தில் வீட்டுக்கு முன்னால் எட்டுத் தென்னை நின்றது, எல்லாம் குருத்தில்லாமல் போனது. இடி விழுந்தது என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தோம். ஆனாலும் சொல்கிறேன், புரட்டுவதற்கு ஆள் கூலி பார்த்தீர்களா? எனக்கு இந்த வயதில் முள்ளுத் தூக்க ஏலாது. ஆறமர உக்குகிற எருவுக்கும் ஒரு இடம் உண்டு.

#19 அறிவியல்நகர்ப் பிள்ளை
உண்டு ஐயா. ஈரமும் நிழலும் கொடுத்து விட்டால் ஆறு எட்டு மாதத்தில் தானாக உக்கும், களை விதை மட்டும் அப்படியே இருக்கும். பழமரத்துக்குப் போடுங்கள், நாற்றுமேடைக்கு வேண்டாம்.

#20 விசுவமடுத் தோட்டம்
எல்லோருக்கும் நன்றி. குவியலைப் பிரித்தேன். கோடைச் சிறுபோகத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் வருவதால் வைக்கோலைக் கட்டாகக் கட்டி இரவு முழுக்க அதில் போட்டு எடுத்தேன். வேம்புக்குக் கீழே முழங்கால் ஆழக் கிடங்கு. அடியில் மிளகாய்த் தடியும் பூவரசங் கொப்பும் காற்றுக்கு. அதன்மேல் வைக்கோல், நறுக்கின கிளிசரியா, கொட்டிலில் அள்ளின ஊறின குப்பை, அதன்மேல் கரைத்த பச்சைச் சாணம். காய்ந்த பட்டி எருவை இடையிடையே தூவினேன். மேலே கிடுகு.

மூன்றாம் நாள் கம்பியை இழுத்துப் பிடித்தேன், பிடித்த கையை உதறத்தான் முடிந்தது. விடிய கிடுகைத் தூக்கினால் புகை மாதிரி ஆவி எழும்புகிறது. உள்ளே சாம்பல் பூத்தது போல வெள்ளைப் படிவு இருக்கிறது, அது நோயா? கொஞ்சம் அமோனியா மணமும் அடிக்கிறது. அடுப்புச் சாம்பலும் எப்பாவலவில் தோண்டும் பாறைப் பொஸ்பேற்றும் சேர்க்கலாமா?

#21 அறிவியல்நகர்ப் பிள்ளை
வெள்ளை நல்லது அண்ணை, சூட்டில் வேலை செய்யும் அக்ரினோமைசீற்று என்ற நுண்ணுயிர். அமோனியா மணம் என்றால் பச்சை கொஞ்சம் கூடிவிட்டது, புரட்டும்போது வைக்கோலோ சருகோ சேருங்கள். சாம்பலை இப்போது போடவே வேண்டாம், காரம் ஏறி மிச்ச நைதரசனையும் மணமாக அனுப்பிவிடும். உக்கி முடிந்த பிறகு தறையில் தனியாகத் தூவலாம். எப்பாவல பொஸ்பேற்று இப்போதே போடலாம். தனியாக மண்ணில் போட்டால், அதுவும் சுண்ணாம்பு மண்ணில், கரையச் சுணங்கும். குவியலில் உண்டாகும் அமிலங்கள் கொஞ்சமாவது கரைக்கும்.

புரட்டும் ஒவ்வொரு முறையும் தண்ணீர் தெளியுங்கள். ஆவியாகப் போவது அதுதான். முதல் மாதம் கிழமைக்கு ஒருக்கால் புரட்டினால் போதும். ஆவணி முடிய ஆறவிட்டு, மழைக்கு முன் கிடங்கிலிருந்து எடுத்துத் தறப்பாளின் கீழ் வையுங்கள், திறந்து விட்டால் மாரி மழை பொற்றாசியத்தைக் கழுவிவிடும். மிளகாய்க்குத் தறை முழுக்க விசிறாமல் கன்று வைக்கும் குழிக்கு ஒரு இரு கைநிறைய என்று போட்டால் குறைந்த எருவில் சமாளிக்கலாம்.

#22 வடமராட்சி வெங்காயம்
ஒட்டுசுட்டான் அண்ணை, நீங்கள் இப்படி உக்கவைத்துத் தந்தால் கூட்டிக் கொடுக்க நான் ஆயத்தம். பெட்டிக்கணக்கு வேண்டாம், நிறைக்கணக்கு. வாளித் தண்ணீரில் ஒரு பிடி போட்டுக் கலக்கி, அடியில் மணல் எவ்வளவு படிகிறது என்று பார்த்துத்தான் எடுப்பேன்.

#23 ஒட்டுசுட்டான் பட்டி
நிறைக்கணக்கென்றால் தண்ணீருக்கும் காசு கொடுப்பீர்கள், யோசித்துக்கொள்ளுங்கள். மணலுக்கு வாளி வைப்பது சரி, ஈரத்துக்குப் பிடித்துப் பாருங்கள். மாடு இப்போது கிட்டத்தில்தான் நிற்கிறது. காலபோகம் விதைக்கத் தொடங்கினால் காட்டுக்கு ஏற்றிவிடுவேன், தைக் கடைசி வரைக்கும் அள்ள எரு இருக்காது. வேண்டுமென்றால் ஆடிக்குள் சொல்லுங்கள். புரட்டுகிற கூலி விலையில் சேரும்.